செயலாளரின் கை

அன்று மாலை சங்கக் கூட்டத்துக்குக் கிளம்பும்போது கணவரின் சட்டை மேல்பொத்தான் கையோடு வந்துவிட்டது. வீட்டில் வெள்ளை நூல் இல்லை. நீல நூலைக் கோத்து, அவரை நிற்க வைத்தே தைத்தாள்.

"வெள்ளைச் சட்டையில நீல நூலா? பார்க்கிறவன் சிரிக்க மாட்டான்?"

"நீங்க எண்ணப் போறது கையை. பொத்தானை யாரு எண்ணப் போறா?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவர்கள் இருவருக்கும் நடுவே சாதாரணமாக நடந்த கடைசிக் காரியம் அதுதான்.

அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். சங்கக் கிளையின் செயலாளர். அவள் அதே டிப்போவில் பஸ் கழுவுகிறவள், ஒப்பந்தக் கூலி. வேலைநிறுத்தம் என்றால் கழுவுகிற பெண்கள் பதினான்கு பேரும் முதல் ஆளாக வாசலில் உட்காருவார்கள். கூட்டம் என்றால் மட்டும் உள்ளே இடமில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்கலாம். அவர்களையும் முழு உறுப்பினர்களாக்கி ஓட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அன்றைய தீர்மானம். அதில் கிளையே இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒரே பஸ்ஸுக்கு அடியில் படுத்திருக்கிறவர்கள்கூட ஸ்பேனரை வாய்விட்டுக் கேட்காமல் எட்டி எடுத்துக்கொண்டார்கள்.

எதிர்த்தரப்புக்குத் தலைவர் டயர் பிரிவு மேஸ்திரி. எது புதிதாக வந்தாலும் குறுக்கே நிற்பதால் அவருக்குப் பெயரே பிரேக். அவளுடைய கணவரும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

கிளையில் ஒரு வழக்கம் உண்டு. செயலாளர் மற்றவர்கள் கைகளை எண்ணுவாரே தவிர, தன் கையைத் தூக்கமாட்டார். இரு பக்கமும் சமமாக நின்றால் மட்டும் தூக்கலாம்.

அன்று இரு பக்கமும் முப்பத்தொன்று.

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவரின் கை மெல்ல எழுந்து நெஞ்சு வரை வந்தது.

"என்ன செயலாளரே, பொண்டாட்டிக்கு ஓட்டு வாங்கிக் குடுக்கவா அந்த நாற்காலி?" என்றார் பிரேக். பாதிப் பேர் சிரித்தார்கள்.

கை நீல நூல் பொத்தானில் நின்றுவிட்டது. அதைத் திருகிக்கொண்டே, "தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கிறேன்," என்றார் கணவர்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் பத்தடி முன்னால் நடந்தாள். தட்டை வைக்கும்போதுதான் வாய் திறந்தாள்.

"உங்க கைக்கு என்ன வந்துச்சு?"

"நாளைக்குப் பேசலாம்."

"பேச என்ன இருக்கு? நாங்க ஜன்னல்ல நின்னே பழகினவங்க."

மறுநாள் காலை டிப்போவில் ஜாக்கி நழுவி பஸ் கணவர் மேல் இறங்கியது. அவரை வெளியே இழுத்தவர் பிரேக்; அதற்குள் உயிர் போயிருந்தது. அவள் கையிலிருந்து விழுந்த குழாயில் தண்ணீர் மதியம் வரை ஓடிக்கொண்டே இருந்தது. மூட யாருக்கும் தோன்றவில்லை.

மாதம் ஒன்று கழிந்து கூட்டம் கூடியது. செயலாளர் பதவிக்குப் பிரேக் தானாகவே எழுந்து நின்றார். போட்டியே இல்லை.

ஜன்னலில் நின்ற கழுவுகிற பெண்களில் இளையவள் அவள் காதோரம் சொன்னாள்: "போச்சுக்கா. இனி இவர்தான் எண்ணுவாரு. நம்ம தலையில மண்ணுதான்."

பழைய தீர்மானம் வந்தது. ஆதரவுக் கைகள் முப்பத்தொன்று. எதிர்ப்புக் கைகளைப் பிரேக் இரண்டு தரம் எண்ணினார். முப்பது.

"அண்ணே, உங்க கையையும் சேர்த்துக்குங்க, சமமாயிடும்," என்றான் அவர் தரப்பு ஆள் ஒருவன்.

"செயலாளர் கை தூக்கக் கூடாது."

"இது தெரிஞ்சே எதுக்கண்ணே அந்த நாற்காலியில போய் உட்கார்ந்தீங்க?"

பிரேக் இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் அழுத்தி வைத்திருந்தார். அப்படியே, "தீர்மானம் நிறைவேறியது. அவங்களை உள்ள வரச் சொல்லுங்க," என்றார்.

பெண்கள் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். நாற்காலி போதவில்லை. அவள் சுவரோரம் நின்றுகொண்டாள். கூட்டம் கலைந்ததும் பிரேக் அவளிடம் வந்தார்.

"தங்கச்சி, அன்னிக்கு அவன் கை மேலதான் வந்துக்கிட்டிருந்துச்சு. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா..."

"வந்துச்சுண்ணே," என்றாள். "நானும் பார்த்தேன்."

கணவரின் வெள்ளைச் சட்டை, முதல் கூட்டம் முடிந்து வந்த இரவு அவர் கழற்றி மாட்டிய ஆணியிலேயே இருக்கிறது. திருகியதில் நீல நூல் சற்றுத் தளர்ந்திருக்கிறது. பொத்தான் விழவில்லை.