கேட்டுக்குள் கை நீட்டினால்

முதல் அறை விழுந்தபோது சுத்தியல் சிரித்துவிட்டார். ஏதோ விளையாட்டு என்றுதான் நினைத்தார். அடித்தவன் வேறு யாருமில்லை, சொந்த மச்சினன், பெண்டாட்டியின் தம்பி. இந்த ஐஸ் ஃபேக்டரியில் கெஞ்சிக் கூத்தாடி அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே இவர்தான். இரண்டாவது அறையில் கடைவாய்ப் பல் ஆடியது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

"என்ன மாப்ள, யாரை அடிக்கிறோம்னு தெரிஞ்சுதான் அடிக்கிறியா?"

"தெரியுது மாமா. திருப்பி அடிங்க," என்றான் மச்சினன். மேலே மேனேஜரின் கண்ணாடி அறையை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டான்.

திருப்பி அடிக்க சுத்தியலுக்குப் பாடமா எடுக்க வேண்டும்? அந்தப் பட்டப்பெயரே அவர் முஷ்டியைப் பார்த்து வைத்ததுதான். தன் கல்யாணத்தன்றே ஒருவன் மூக்கை உடைத்த மகராசன். ஆனால் அந்த வீரமெல்லாம் கேட்டுக்கு வெளியே. உள்ளே வந்துவிட்டால் பெட்டிப் பாம்பு. ஏனென்றால் நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவரிலேயே சிவப்புப் பெயின்ட்டில் எழுதி வைத்திருந்தார்கள்: கேட்டுக்குள் கை நீட்டுகிறவருக்கு வேலையும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. எவ்வளவு வருஷ சர்வீஸ் இருந்தாலும் ஒரே அடியில் எல்லாம் போய்விடும்.

இன்று அவருக்குக் கடைசி நாள். சாயங்காலம் சங்கு ஊதியதும் பணிக்கொடை கைக்கு வரும். அதை நம்பித்தான் பின்தெருவில் இரண்டு அறை வீடு ஒன்றை வாங்க முன்பணம் கொடுத்திருந்தார்கள். மனைவியின் வளையல்கள் அதில் போயின. கம்பெனி கொடுத்த வீட்டைக் காலி செய்தாக வேண்டும், வேறு போக்கிடம் கிடையாது. புது வீட்டுச் சமையலறையை அவள் கையால் அளந்து, அடுப்பு ஜன்னலோரம், அலமாரி எதிரே என்று முடிவே கட்டிவிட்டாள். காலையில் கிளம்பும்போது, "என்னங்க, இன்னிக்கு ஒரு நாள் யார் என்ன சொன்னாலும் கையைக் கட்டிக்கிட்டு வந்துடுங்க," என்று வாசல்வரை வந்து கெஞ்சினாள்.

மூன்றாவது அடி நெஞ்சில் இறங்கியது. அவர் கை தானாக எழுந்தது. எழுந்த கையை நிறுத்தத் தன்னால் ஆகாது என்று அவருக்கே தெரியும். பக்கத்தில் உப்புத்தண்ணீர்த் தொட்டி, மூடி விலகிக் கிடந்தது. தண்ணீர் நிரப்பிய ஐஸ் கேன்களை உறைவதற்காக முக்கி வைக்கிற தொட்டி அது. உப்புப் போட்டிருப்பதால் அந்தத் தண்ணீர் உறையாது, ஆனால் ஐஸைவிடக் குளிரும். சுத்தியல் மண்டி போட்டு இரண்டு கைகளையும் முழங்கைவரை அதற்குள் திணித்தார். முஷ்டி மடக்கியது மடக்கியபடியே உள்ளே போயிற்று. எலும்புக்குள் ஊசி ஏறுகிற மாதிரி வலித்தது. வலிக்கட்டும், கை உள்ளேயே கிடந்தால் போதும்.

மச்சினன் விலாவில் உதைத்தான். முதுகில் உதைத்தான். "எங்க அக்காளுக்குச் சொந்தமா ஒரு வீடு கட்டித் தர வக்கில்லாத நீயெல்லாம் ஒரு ஆம்பளையா," என்று கத்தினான். தலைமுடியைப் பிடித்து நெற்றியைத் தொட்டி விளிம்பில் மோதினான். ரத்தம் சொட்டிச் சொட்டித் தண்ணீர் சிவந்தது. சுற்றி நின்ற ஆட்கள் ஒருவரும் கிட்டே வரவில்லை. விலக்கப் போகிற கையையும் நீட்டிய கை என்று எழுதிவிட்டால்? அவனவனுக்கும் வீடு வாசல் இருக்கிறதே. பாவிகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

கடைசியில் அடித்தவன்தான் ஓய்ந்துபோனான். தரையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதான்.

"மாமா, உங்களை எப்படியாவது கை நீட்ட வச்சா என்னை ஃபோர்மேன் ஆக்குறதா மேனேஜர் சொன்னாரு. என் மேல எதுவும் வராம பாத்துக்கிறேன்னாரு. ஒரு அடி நீங்க அடிச்சிருந்தா போதும் மாமா, அதோட விட்டிருப்பேன்."

"அதுக்கு நீ என்னைக் கொன்னிருக்கலாமேடா," என்றார் சுத்தியல். கையை அப்போதும் வெளியே எடுக்கவில்லை.

மேலே கண்ணாடி அறையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர், வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு படியிறங்கி வந்தார். சுத்தியல் பக்கம் திரும்பவே இல்லை. மச்சினனைப் பார்த்துத்தான் பேசினார்.

"கேட்டுக்குள்ள கை நீட்டிட்ட. வேலை போச்சு. கிராஜுவிட்டியும் போச்சு. கிளம்பு."

"சார், நீங்கதானே சார்..."

"நான் என்ன? எவன் பணம் மிச்சமானா என்ன, கம்பெனிக்கு மிச்சம்தானே."

மச்சினன் அவரையே பார்த்தபடி எழுந்தான். ஐஸ் கட்டியை இழுக்கிற இரும்புக் கொக்கி சுவரில் தொங்கியது. அதை உருவிக்கொண்டு பாய்ந்தான். வாட்ச்மேன் போன இடம் தெரியவில்லை. மேனேஜர் பின்வாங்கிப் பின்வாங்கி ஐஸ் நொறுக்கும் மெஷினில் முதுகு முட்டி நின்றார். கொக்கி அவர் கழுத்துக்கு நேராக உயர்ந்தது.

சுத்தியல் எழுந்து ஓடினார். செத்துத் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் கொலைகாரனின் அக்காளாக அவள் எப்படித் தெருவில் நடப்பாள்? காலரைப் பிடித்து இழுக்கத்தான் கையை நீட்டினார். விரல் விரியவில்லை. குளிரில் விறைத்துப்போன முஷ்டி கல்லாக இறுகிக் கிடந்தது. வேறு வழியே இல்லாமல் அந்த முஷ்டியாலேயே மச்சினன் தாடையில் விட்டார். எலும்பு முறிகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. மச்சினன் விழுந்தான். கொக்கி மேனேஜரின் சட்டைக் கையை மட்டும் கிழித்துக்கொண்டு தரையில் உருண்டது.

மேனேஜர் மூச்சு வாங்கினார். கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்தார்.

"எல்லாரும் பாத்தீங்கல்ல? இவனும் கை நீட்டிட்டான்."

"சார், புடிக்கத்தான் சார் போனேன். விரல் வரலை."

"அடிச்சியா, இல்லையா?"

"அடிச்சேன். உங்க உசுருக்காகத்தான்."

"ரூல்னா ரூல்தான். யாருக்காகன்னு சுவத்துல எழுதலையே."

"அப்ப எனக்கு ஒண்ணும் கிடையாதா சார்?"

"செல்லாக்காசு கூடக் கிடையாது."

சுத்தியல் தலையாட்டினார். வாசலில் மனைவி வந்து நிற்பாள், கூட்டிப்போய் வீட்டைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். அடுப்பு ஜன்னலோரம். அவர் கண்ணில் நீர் முட்டியது. மச்சினனை முழங்கைகளால் அணைத்துத் தூக்கி ஆட்களிடம் கொடுத்து, "இவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கடா," என்றார். ஆட்கள் எல்லாரும் வெளியே போனார்கள். மேனேஜரும் போகப் பார்த்தார். சுத்தியல் தோளால் தகரக் கதவைத் தள்ளிச் சாத்தினார்.

"என்ன பண்ற? வழியை விடு. இதுக்கெல்லாம் என்ன ஆகும் தெரியுமா?" மேனேஜர் சுவரிலிருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்தார்.

சுத்தியல் கைகளை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார். ரத்தம் திரும்பி ஓடும் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு கையை வெளியே எடுத்து, விரித்துப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார்.

"இப்ப விரல் வருது சார்," என்றார்.