அழுகைக்குத் தனிக் கூலி

எழுபத்தாறாயிரத்து எண்ணூறு ரூபாய். ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்விக்கண் திறக்கிற வாத்தியாரைப் பற்றிப் படம் எடுக்க வந்த கம்பெனி, அந்தப் பிள்ளைகளின் அப்பன் ஆத்தாள்களுக்கு வைத்துவிட்டுப் போன பாக்கி அது. பதினாலு பேர் நடித்த கூலி ஐம்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. மீதி பதினெட்டாயிரம் பள்ளிக்கூடத்துக் கூரைக்கு.

பள்ளிக்கூடத்துக் கூரைக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்கும் முதலில் புரியவில்லை.

ஏற்காட்டு மலையில் நாகலூருக்குக் கீழே, எங்கள் காப்பி எஸ்டேட் லைன் வீடுகளை ஒட்டி இருக்கிறது பள்ளிக்கூடம். இரண்டு அறை, இருபத்துச் சொச்சம் பிள்ளைகள், ஒரே டீச்சர், பிரிஸ்கில்லா. என் மகள் கவியா அங்கே நாலாவது படிக்கிறாள். போன தை மாதம், காப்பிப் பழம் எடுத்து முடியப்போகிற சமயத்தில், சினிமாக்காரர்கள் வந்தார்கள். டைரக்டர் நவீன் சின்ன வயசு, மெதுவாகப் பேசுகிறவர். பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. ஓட்டுக் கூரை ஒழுகவில்லை. சுவரில் முயல் படம் பளிச்சென்று இருந்தது. பிள்ளைகள் தலைவாரி, சர்க்கார் கொடுத்த ஷூ போட்டு, "குட் மார்னிங் சார்" என்று எழுந்து நின்றார்கள்.

"எல்லாமே நல்லாத்தானே இருக்கு. அப்புறம் ஹீரோ வந்து என்ன பண்றது?" என்று படக் கம்பெனி மேனேஜர் ஹரிஹரனிடம் கேட்டார்.

நியாயமான கேள்வி. முன்னேற்ற வந்தவனுக்கு முன்னேறாத ஆள் வேண்டாமா?

ஆகவே முதலில் எங்களைப் பின்தங்க வைக்கும் வேலை தொடங்கியது. முயலின் மேல் சேற்று நிறத்தில் பெயிண்ட் அடித்தார்கள். பிள்ளைகள் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக் கனவு காண வேண்டுமாம். அதற்காகக் கூரையில் ஒரு பக்கத்து ஓடுகளைப் பிரித்தார்கள். பிரித்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேலே ஏறியவன் ஓட்டை உருவிக் கீழே போட்டான். கீழே நின்றவன் விலகிக்கொண்டான்.

பிரிஸ்கில்லா டீச்சர் ஹரிஹரனைப் பிடித்தார். "ஏனுங்க, இத்தன ஓட்டையும் ஒடச்சுப்போட்டா, மழைக்கு யாருங்க பதில் சொல்றது?"

"மேடம், கதையே அதுதானே. கடைசி சீன்ல ஹீரோ தன் சம்பளத்தைப் போட்டுக் கூரை போடுறார். நாங்களே உங்களுக்குப் புதுசா போட்டுக் கொடுத்துட்டுத்தான் போவோம்."

"ஜூனுக்குள்ளயா?"

"ஜூனா? இந்த மாசமே மேடம்."

அடுத்தது பிள்ளைகள். சினிமாவில் வரப்போகிறார்கள் என்று எங்கள் பெண்டுகள் பொங்கலுக்கு எடுத்த துணியைப் போட்டு, பவுடர் அப்பி அனுப்பியிருந்தார்கள். நவீன் தலையில் கை வைத்துக்கொண்டார். சென்னையிலிருந்து ஒரு பெட்டி நிறையக் கிழிசல் சட்டை வந்தது. எல்லாம் புதுச் சட்டைகள். பிளேடால் கிழித்தது. ஷூவைக் கழற்றி மூட்டையில் கட்டினார்கள். "அப்பா, ஷூ போடாம வந்தா மிஸ் திட்டுவாங்க" என்று கவியா அழுதாள். இதே மாதிரி நாளைக்கும் அழு கண்ணு என்று உதவி டைரக்டர் அவளைப் பாராட்டினான்.

நல்ல வாத்தியார் வருவதற்கு முன்னால் ஒரு கெட்ட வாத்தியார் இருக்க வேண்டும் அல்லவா. மேசைமேல் காலை நீட்டித் தூங்க வேண்டும். அதை பிரிஸ்கில்லா டீச்சரையே செய்யச் சொன்னார்கள்.

"நீங்க எப்பவும் போல இருங்க மேடம், போதும்" என்றான் ஹரிஹரன்.

"எப்பவும் போல இருக்கறதுன்னா நான் பாடம் நடத்தோணுமுங்க" என்று சொல்லிவிட்டு, ஷாட்டில் இல்லாத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சில்வர் ஓக் மரத்தடிக்குப் போய்விட்டார். அரைமணி நேரத்தில் சவுண்டு பிடிக்கிற பையன் ஓடி வந்தான். உள்ளே ஹீரோ பாடம் நடத்துவது டீச்சர் பாடம் நடத்துவதால் கெடுகிறதாம். கொஞ்சம் மெதுவாகச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டான்.

எனக்கும் ஒரு வேடம் கிடைத்தது. படிப்பு வாசனையே இல்லாத குடிகார அப்பன். மகள் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும். அதே அறையில், சாயங்கால வகுப்பில், பிள்ளைகள் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து நாற்பத்தாறு வயசில் எழுத்துக் கூட்டியவன் நான். அதை நவீனிடம் சொன்னேன். "அதெல்லாம் ஸ்க்ரீன்ல தெரியாதுங்கய்யா, உங்க முகம் கரெக்டா இருக்கு" என்றார். முகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. முதல் தடவை புத்தகத்தைப் பிடுங்கியதும் பழக்கதோஷத்தில் கண் பக்கத்தின் மேல் போய்விட்டது. நவீன் மைக்கில் கத்தினார்: "படிக்காதீங்கய்யா, கிழிங்க!"

ஹீரோ ஏற்காட்டில் தங்கி, தினமும் வண்டியில் வந்தார். அவர் சட்டையில் சாக்பீஸ் தூள் போடுவதற்கென்றே ஒருவன் சம்பளத்துக்கு இருந்தான். பிள்ளைகள் நடுவில் நின்று, "கேளுங்க! வாயைத் திறந்து கேட்டாதான் எதுவும் கிடைக்கும்!" என்று முழங்கினார். எங்களுக்கும் கைதட்டல் வேடம்தான். தட்டினோம்.

தட்டினோமே தவிர, அதை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எஸ்டேட்டில் கூலி சனிக்கிழமை மத்தியானம். கணக்கு எழுதுகிற ரைட்டர் பெயர் கூப்பிடுவார், போய் வாங்குவோம். அதற்கு முன்னால் எவனாவது கூலி கேட்டால், அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று லைன் முழுக்கப் பேச்சாகிவிடும். நிஜமாகவே எரியாதவன்கூட கேட்க மாட்டான். படக் கம்பெனிக்கும் நாங்கள் அந்த மரியாதையைக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் லைட்டுகளை லாரியில் ஏற்றியபோது நாங்களே கை கொடுத்துத் தூக்கிவிட்டோம். ஹரிஹரன் கும்பிட்டு நன்றி சொன்னான். நாங்களும் கும்பிட்டோம்.

சனிக்கிழமை குளித்துவிட்டு, பதினாலு பேரும் பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றோம். அங்கே காகித டம்ளர்தான் கிடந்தது.

"பெரிய கம்பெனியாச்சே, கணக்குப் பாக்க நேரமாகுமுங்க" என்றான் என் பக்கத்து வீட்டுக் காளியண்ணன். வெயில் சாயும் வரைக்கும் அவன் அதையே சொன்னான்.

போன் போட்டால் ஹரிஹரன் முதலில் "செட்டில்மெண்ட் போயிட்டிருக்கு" என்றான். அப்புறம் "மீட்டிங்ல இருக்கேன்" என்றான். அதற்கப்புறம் ஒரு பொம்பளைப் பிள்ளை, அவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக மூன்று பாஷையில் சொன்னது. அவளாவது மரியாதையாகப் பேசினாள்.

கோடை மழை தொடங்கியது. ஓடு இல்லாத பக்கத்துக்குக் கட்டிய தார்ப்பாய் இரண்டாவது மழையில் கிழிந்து, பெஞ்செல்லாம் ஊறிப்போனது. படிப்பு ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பள்ளிக்கூடம் திறக்கும்போது கூரை இல்லாவிட்டால் பிள்ளைகளை ஏற்காட்டில் சேர்த்துவிடுவோம் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஏற்காட்டுக்கு ஏழு மணி பஸ். அதே ஏழு மணிதான் எங்களுக்குத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற நேரம். என் சம்சாரம் மீனாட்சி ராத்திரி சோறு போடும்போது கேட்டாள்: "இவள அந்த பஸ்ல ஏத்தி உட்டுட்டு நான் தோட்டத்துல நிப்பனா, ரோட்டுல நிப்பனா? நம்ம லைன்ல பாதிப் புள்ளைங்க ஊட்டோட நின்னுக்குமுங்க. நீங்க பாத்துக்கிட்டே இருங்க."

ஏற்காடு பஜாரில் இரும்புக் கடை வைத்திருக்கும் அமீர் ஜானிடம் போய்க் கேட்டேன். தகரமும் கொக்கியும் வண்டி வாடகையும் சேர்த்துப் பதினெட்டாயிரம் என்றார். "பாதி குடுத்துருங்க, ஒரு மணி நேரத்துல ஏத்தி உடறேன்." பாதி எங்கே இருக்கிறது? ஆறு நாள் எஸ்டேட் கூலியை விட்டுவிட்டுத்தான் நடிக்கப் போயிருந்தோம்.

பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை, அவர்களாகவே வந்தார்கள்.

கடைசி சீன் பாக்கியாம். ஹீரோவுக்கு மாற்றலாகிவிடுகிறது. ஜீப்பில் ஏறுகிறார். பிள்ளைகளும் பெற்றவர்களும் அழுதுகொண்டே பின்னால் ஓடுகிறார்கள். பின்னணியில், அவர் தன் சம்பளத்தில் போட்ட புதுக் கூரை மின்னுகிறது. பழைய பதினாலு முகங்களும் வேண்டும், மாறக் கூடாது. சாயங்காலமே எல்லோரும் மலை இறங்குகிறார்கள்.

கூரையையும் கொண்டு வந்திருந்தார்கள். அட்டையில் தகரம் மாதிரி பெயிண்ட் அடித்தது. கேமரா பார்க்கிற பக்கத்துக்கு மட்டும்.

"எங்க கூரை என்னாச்சுங்க?" என்று டீச்சர் கேட்டார்.

ஹரிஹரன் அட்டையைக் காட்டினான். "அதான் ஏறிட்டிருக்கே மேடம்."

எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஜீப் கிளம்பியது. "அழுங்க!" என்றார் நவீன்.

ஒருத்தருக்கும் அழுகை வரவில்லை. சத்தியமாக நாங்கள் கூடிப் பேசி வைத்ததில்லை. தை மாதம் கைதட்டின சத்தத்துக்கே தாரை தாரையாக ஊற்றிய மீனாட்சி, இடுப்பில் கை வைத்து ஜீப்பின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவீன் காளியண்ணனிடம் வந்து கெஞ்சினார். "உங்க பிள்ளைங்க வாழ்க்கையையே மாத்தின மனுஷன் போறாருங்க. திரும்பி வரவே மாட்டார்."

"போனா வரமாட்டாங்கறது தெரியுமுங்க" என்றான் காளியண்ணன்.

"அப்ப ஏன் அழ மாட்டேங்கறீங்க?"

"தெரியலீங்க சாமி. வெயிலுக்குக் கண்ணு காஞ்சு போச்சாட்டம் இருக்குதுங்க."

கிளிசரின் பாட்டில் வந்தது. பதினாலு பேர் கண்ணிலும் போட்டார்கள். தண்ணீர் கொட்டியது. நவீன் டிவிப் பெட்டியில் உற்றுப் பார்த்தார். "கண்ணுல தண்ணி வருது. ஆனா முகமெல்லாம் ஏன் கடன் வசூலிக்க வந்தவங்க மாதிரி இருக்கு?" என்றார். கெட்டிக்காரர். ஹரிஹரன் அப்போது மரத்தில் ஏதோ பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சேர்வராயன் கோயில் பக்கத்தில் மேகம் கறுத்தது. வெளிச்சம் போய்விட்டால் ஹீரோவுக்கு இன்னொரு நாள் சம்பளம். நவீன் எங்கள் முன்னால் வந்து, "ஏதாவது பிரச்சினையா? சொல்லுங்க" என்று கேட்டார். நாங்கள் தரையைப் பார்த்தோம். திங்கட்கிழமை. வாய் எப்படி வரும்?

பிரிஸ்கில்லா டீச்சர் முன்னால் வந்தார். "இவங்க சொல்ல மாட்டாங்க சார். இவங்களுக்கு சனிக்கிழமைதான் வாய் தொறக்கும். எனக்கு மாசச் சம்பளமுங்க, எந்தக் கெழமையும் கேப்பேன்" என்று தொடங்கி, பாக்கி முழுவதையும் சொன்னார். ஏழு மணி பஸ்ஸையும் சொன்னார். "பணம் வந்து, நெசத் தகரம் மேல ஏறோணும். அது வரைக்கும் இந்த ஊர்ல அழுகை கிடையாதுங்க."

நவீன் திரும்பினார். "குடுக்கலையா ஹரி?"

"ப்ராசஸ்ல இருக்கு சார்."

"எழுபத்தாறாயிரத்துக்கு என்னய்யா ப்ராசஸ்?"

ஜீப்பிலிருந்து ஹீரோ தலையை நீட்டினார். ஆஹா, வாத்தியார் நியாயம் பேசப்போகிறார் என்று நானும் நிமிர்ந்தேன். "யாராவது குடுத்துத் தொலைங்கப்பா, எனக்கு ஃப்ளைட் இருக்கு" என்றார். எது எப்படியோ, எங்கள் வாழ்க்கையில் அவர் ஏற்றிய விளக்கு அதுதான்.

எங்கள் பக்கம் சிக்னல் கிடைப்பது தண்ணித் தொட்டி மேல்தான். ஹரிஹரன் அதில் ஏறி நின்று, தயாரிப்பாளரிடம் திட்டு வாங்கி, டீச்சர் போனுக்குப் பணத்தை அனுப்பினான். டீச்சரும் பின்னாலேயே ஏறி, அப்படியே அமீர் ஜானுக்குப் பதினெட்டாயிரம் தள்ளிவிட்டார். சொன்னபடி ஒரு மணி நேரத்தில் வண்டி வந்தது, மேகமும் விலகிக் கொடுத்தது. அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு நாங்களே மேலே ஏறித் தகரத்தை முடுக்கினோம். நடுவில் ஹீரோ ஏணியில் இரண்டு படி ஏறி, சுத்தியலைத் தூக்கிக் காட்டி, இறங்கிக்கொண்டார். படத்தில் கூரை போட்டவர் அவர்தான்.

மறுபடி வரிசையில் நின்றோம். இப்போது வேறு தொல்லை. பணம் வந்துவிட்டது, கூரை ஏறிவிட்டது, யாருக்கு அழுகை வரும்? ஜீப் நகர்ந்ததும் மீனாட்சிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். கிளிசரின் ஒழுக ஒழுகச் சிரித்துக்கொண்டே ஓடினோம். நவீன் டிவிப் பெட்டியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சரி விடுங்க. ஆனந்தக் கண்ணீர்னு வச்சுக்கலாம்" என்றார்.

கேமராவைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். டீச்சர் மேசையில் உட்கார்ந்து, பணம் வந்துவிட்டது, நாளைக்கு பாங்கியில் எடுத்து இன்னாருக்கு இவ்வளவு தருகிறேன் என்று ரைட்டர் மாதிரி ஒவ்வொரு பெயராகச் சொன்னார். காளியண்ணன் பெயர் வந்தது. "வந்துருச்சுங்களா டீச்சர்? முழுசாவா?" என்று கேட்டவன், தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான். கிளிசரின் எல்லாம் எப்போதோ காய்ந்திருந்தது.

வண்டியில் ஏறப்போன நவீன் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். பூட்டிய பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "ஐயா, இதை முன்னாடியே பண்ணியிருக்கலாமே" என்றார், பாவம், நிஜமான வருத்தத்தோடு.

"முன்னாடியே குடுத்திருக்கலாமுங்களே" என்றான் காளியண்ணன் மூக்கைச் சிந்திக்கொண்டு.

நவீன் போய் வண்டியில் உட்கார்ந்தார். ஹரிஹரன் மட்டும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "மேடம், இனிமே நமக்குள்ள பாக்கி எதுவும் இல்லையே?" என்று கேட்டான். டீச்சர் போனை இன்னொரு தடவை பார்த்தார். "இல்லீங்க, தீந்துபோச்சு" என்றார்.