ஜெனோ இறுக்கிய நட்டு

பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் இருந்த ஜெனோவின் ஒர்க்‌ஷாப்புக்கு ஹெப்ரான் தன் பைக்கை ஓட்டிக்கொண்டு வந்தபோது, பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் டொக்கென்று அடிக்கிறது, ஹேண்டிலைத் திருப்பினால் நடுவில் பிடிக்கிறது என்றான். ஜெனோ முன்சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கை இறக்கிப் பார்த்தான். ஹேண்டில் திரும்புவதற்கான கோன் செட் தேய்ந்து குழிவிழுந்து கிடந்தது. புதுசு மாட்டி, கிரீஸ் வைத்து, நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, ஹேண்டில் இரண்டு பக்கமும் தங்குதடையில்லாமல் போகிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டியைக் கொடுத்தான்.

அடுத்த வாரம் அதே வண்டி லோடு ஆட்டோவில் வந்தது. சேரன்மகாதேவி சாலையில், நேரான இடத்தில், எதிரே ஒரு வண்டியும் இல்லாதபோது, ஹெப்ரான் வாய்க்கால் பாலத்துச் சுவரில் மோதிச் செத்துப்போயிருந்தான். அவனுக்குப் பேசி முடித்திருந்த கல்யாணம் அப்போதுதான் நின்றுபோயிருந்தது. போலீஸ் விபத்து என்று எழுதி முடித்துவிட்டது. ஊர் அப்படி முடிக்கவில்லை. பையன் வேண்டுமென்றே போய் மோதிவிட்டான் என்று கோயில் வாசலிலேயே பேசினார்கள்.

வண்டியை ஜெனோவிடம் அனுப்பியது ஹெப்ரானின் அம்மா சாரம்மாள் டீச்சர். ஜெனோவுக்கும் ஐந்தாம் வகுப்பில் பாடம் எடுத்தவர். அடக்கம் முடிந்த மறுநாளே வந்து நின்றார்.

"எல்லாரும் என்னென்னமோ பேசுதாவ ஜெனோ. எம்பிள்ள அப்படிச் செய்யமாட்டான். ஹேண்டில்தான் இறுகியிருக்கணும். நீ பாத்துச் சொல்லுய்யா."

ஜெனோ ஏற்கெனவே பிரித்துப் பார்த்திருந்தான். ஃபோர்க் வளைந்து என்ஜினோடு ஒட்டியிருந்தது. ஆனால் அவன் இறுக்கிய நட்டு அசையாமல் அவன் விட்ட இடத்திலேயே இருந்தது. வேலையில் ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். டீச்சர் தலைகூட வாராமல், நசுங்கிய டேங்கைத் தடவிக்கொண்டே நின்றார்.

"நட்ட கொஞ்சம் கூடுதலா இறுக்கிட்டேன்போல, டீச்சர்."

அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் வந்து என்ன என்று கேட்க, ஜெனோ சொன்னதை டீச்சர் அப்படியே சொன்னார். தான் சொன்னது பொய் என்று டீச்சருக்குத் தெரியாமலா இருக்கும் என்று ஜெனோ நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பே அவனுக்குக் கொஞ்ச நாள் போதுமாக இருந்தது.

அவன் மனைவி ஸ்டெபிக்குப் போதவில்லை. "உங்க வாயில நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டியளே" என்றாள். வழக்கமாக அவனிடம் வண்டி விடுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். பஞ்சர் ஆனவன்கூட வெயிலில் அடுத்த கடைவரை உருட்டிக்கொண்டு போனான்.

ஹெப்ரானின் நினைவு ஜெபத்துக்கு டீச்சர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். உண்மையைத்தான் எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறார் என்று ஜெனோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். பாட்டு முடிந்ததும் டீச்சர் அவனைப் பக்கத்தில் அழைத்து, தலையில் கைவைத்தார்.

"இவன் கைப்பிழையாலதான் எம்பிள்ள போனான். கர்த்தருக்கு முன்னால இவன நான் மன்னிக்கேன்."

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஜெனோ நிமிர்ந்து டீச்சரின் கண்ணைப் பார்த்தான். அதில் ஒளித்துவைத்தது ஒன்றுமே இல்லை. டீச்சர் நிஜமாகவே நம்பி, நிஜமாகவே மன்னித்திருந்தார். உங்க பிள்ளையை நான் கொல்லவில்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. யாரோ கையில் டீயைக் கொடுத்தார்கள். கொதிக்கக் கொதிக்க அதைக் குடித்துவிட்டு வெளியே வந்தான். அவனோடு பேசவந்த சபைக்காரர் ஒருவர் தோளில் தட்டிக்கொடுத்தது டீச்சரின் கையைவிடக் கனமாக இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கடையைக் காலி செய்துவிட்டு, மேலப்பாளையத்தில் நூர்முகம்மதுவின் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தான். நூர்முகம்மது நல்ல மனுஷன், எதையும் கேட்கவில்லை. ஆயில் மாற்ற, செயின் மாட்ட, பிரேக் பார்க்க என்று வேலை கொடுத்தார். ஒருநாள் ஹேண்டில் பிடிக்கிற பைக் ஒன்று வந்தது. ஜெனோ ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் முன்னால் குந்தினான்.

"அத வெச்சிரும் வே" என்றார் நூர்முகம்மது, பைய, யார் காதிலும் விழாமல். "அந்த வேலைய நான் பாத்துக்கிடுதேன்."

ஜெனோ எழுந்து அடுத்த வண்டிக்குப் போய், அடியில் தட்டை வைத்து ஆயிலை இறக்கினான்.