கார்டில் பெயர் உள்ளவர்

நான்காவது மாடி ஏறி முடிப்பதற்குள் கேள்விக்காரருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஆபீசில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். துணி துவைக்கும் மெஷின் செய்கிற கம்பெனிக்காக வீடு வீடாகப் போய், வாங்கியவர்களிடம் குறை நிறை கேட்டு எழுதிவருவது அவர் வேலை. உள்ளே விட்டவர்கள் நீட்டிய தண்ணீரையும் விடாதவர்கள் சாத்திய கதவையும் ஒரே முகத்தோடு வாங்கிக்கொள்ளப் பழகியிருந்தார். முழங்கால்தான் இன்னும் பழகவில்லை.

இந்தத் தடவை முக்கியமாகக் கேட்க வேண்டியது ஒன்றுதான். அடுத்த மாடலில் தொட்டியை இன்னும் ஆழமாக, பெரிதாகச் செய்யலாமா? இதுவரை போன வீடுகளில் எல்லாம் தாராளமாகச் செய்யுங்கள் என்றார்கள். இந்த வீட்டுக்காரரும் சோபாவில் சாய்ந்துகொண்டு, ஒரே தடவையில் எல்லாத் துணியும் முடிந்துவிட்டால் பெண்களுக்கு எவ்வளவு சௌகரியம் என்று பெருந்தன்மையோடு விளக்கினார். அவர் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாரண்டி கார்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் கேட்க வேண்டும் என்பது கம்பெனி விதி. கார்டில் இருப்பது பெரும்பாலும் ஆண்கள் பெயர்தான். அதைப் பற்றிக் கேள்விக்காரர் யோசித்ததே இல்லை. ஆண்கள் மளமளவென்று பதில் சொல்லுவார்கள், படிவத்தில் ஒரு கட்டமும் காலியாக நிற்காது, இவரும் சீக்கிரம் படியிறங்கிவிடலாம்.

போன் வந்து வீட்டுக்காரர் பால்கனிக்குப் போனார். அந்த அம்மாள் இரண்டு எட்டு முன்னால் வந்தாள்.

"சார், பெருசெல்லாம் வேணாம்னு எழுதிக்குங்க. இப்ப இருக்கறதுலயே அடியில கை எட்டல. ஸ்டூல் போட்டு, தலைகுப்புறத் தொங்கித்தான் எடுக்கறேன். என்னிக்காவது உள்ள விழுந்தா என்னையும் சேர்த்துத் துவைச்சுடும்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னீர்களா என்று கேட்டதற்கு, "அவர் என்னிக்குத் துணி எடுத்திருக்காரு?" என்றாள். பால்கனிக் கதவு திறந்ததும் அவர் தண்ணீர் குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்று தெரிந்தேதான், தெருவுக்கு வந்ததும் மேனேஜருக்குப் போன் போட்டு அந்த அம்மாள் சொன்னதைச் சொன்னார். மேனேஜர் வயதில் சின்னவர், நல்ல மாதிரி. அவர் குரலிலும் நாள் முழுக்க அலைந்த அலுப்பு இருந்தது. மறுநாள் காலையில் கூட்டம். கேள்விக்காரரின் ரிப்போர்ட்டை நம்பித்தான் புதுத் தொட்டி அச்சுக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறார்கள்.

"ஒரு வீட்டை வச்சு ஆர்டரை நிறுத்தச் சொல்ல முடியாதுண்ணே. எல்லா வீட்டுலயும் இப்படித்தானா?"

"தெரியல தம்பி. வீட்டுப் பெண்களைக் கேக்கல."

"அப்ப இவ்வளவு நாளா யாரைத்தான் கேட்டீங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை. நிறுத்தச் சொன்னால் எல்லா வீட்டுக்கும் மறுபடி போக வேண்டியிருக்கும், அதற்கு உங்களையே அனுப்புவார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, எதற்கும் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று மேனேஜர் போனை வைத்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கேள்விக்காரருக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒன்றும் முழுகிப் போயிருக்காது. இந்த வயதில் இந்த வேலையும் போனால் வேறு எவன் கூப்பிட்டுக் கொடுப்பான்?

வீட்டில் இருப்பதும் அதே கம்பெனி மெஷின்தான். கார்டில் அவர் பெயர்தான். மனைவி அதன்மேல் கவிழ்ந்து, நீளக் கரண்டி ஒன்றால் உள்ளே துழாவிக்கொண்டிருந்தாள். அந்தக் கரண்டியை அங்கே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். சமையலறைச் சாமானுக்கு இங்கே என்ன வேலை என்று ஒருமுறை சத்தம்கூடப் போட்டிருக்கிறார்.

செருப்பைக் கழற்றாமலே கேட்டார். "இந்த மெஷின் உனக்கு எப்படி இருக்கு?"

"ஏன், ஆபீஸ்ல கேட்டாங்களா?"

"நான்தான் கேக்கறேன்."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். ஏதோ நடந்திருக்கிறது என்று மட்டும் அவளுக்குப் புரிந்தது.

"என்ன சொன்னா உங்களுக்கு நல்லது? அதையே சொல்றேன்."

குத்தலாகச் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுதான் சொன்னாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷமும் இவள் தனக்குச் சொன்ன பதில்களில் எவையெல்லாம் இந்த வகையோ என்று எண்ணிப் பார்த்தார்.

அவள் கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு, "அடியில உங்க பனியன் சிக்கிட்டிருக்கு, எடுத்துக் குடுங்க" என்று விலகிக்கொண்டாள்.

சட்டைக் கையை மடித்துவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டார். எம்பவோ தொங்கவோ வேண்டியிருக்கவில்லை. விரல்கள் அடியைத் தொட்டுவிட்டன. பனியனும் அகப்பட்டது. அவர் தோளுக்கும் கீழே அவள் முகம், அவர் எடுப்பதற்காகக் காத்திருந்தது. சட்டைப் பையில் போன் அடிக்கத் தொடங்கியது, மேனேஜராகத்தான் இருக்கும். தண்ணீர் சில்லென்றிருந்தது. அவர் கையை வெளியே எடுக்கவில்லை.