உதட்டில் உட்காராத வசனம்

எடிட்டர் எழுந்தான். பல் தேய்த்தான், குளித்தான், நேற்றைய சட்டையையே உதறிப் போட்டுக்கொண்டான். பஸ் பிடித்துப் போய் எடிட்டிங் அறையைத் திறந்தான். ஏசியைப் போட்டான். திரையில் அவன் மனைவி நாலு பேரை உதைத்தாள்.

அவள் படங்களுக்குக் கதை என்று தனியாக ஒன்றும் கிடையாது. யாராவது தங்கையைக் கடத்துவார்கள். இவள் தோல் பேன்ட் மாட்டிக்கொண்டு போய் அத்தனை பேரையும் பிய்த்து எடுப்பாள். டூப் கிடையாது, கயிறு கிடையாது, குதித்தால் கீழே ஒரு பழைய மெத்தை. மாடி மாடியாகக் குதித்துப் பிழைத்தவள், இந்தப் படத்தின் படப்பிடிப்பு முடிந்த கையோடு சாதாரணக் காய்ச்சலில் போய்விட்டாள்.

பூனைக்குட்டிக் குரல் என்று தயாரிப்பாளர் அவளை ஒரு படத்திலும் பேசவிட்டதில்லை. டப்பிங் அக்காதான் அவளுக்காகக் கர்ஜிப்பாள். படப்பிடிப்பில் பதிவாகும் ஒலி உதட்டசைவு பார்க்க மட்டும். டப்பிங் முடிந்ததும், அடுத்த படத்துக்கு இடம் வேண்டுமென்று அழித்துவிடுவார்கள். இன்று கடைசிக் காட்சிக்கு டப்பிங். சாயங்காலம் அழிக்க வேண்டியவன் அவனேதான். இத்தனை நாளும் ஒலியை அடைத்து வைத்துத்தான் படத்தை வெட்டி ஒட்டினான். கேட்கத் தைரியமில்லை, அழிக்க மனசில்லை.

காட்சியில், வில்லன் கழுத்தில் அவள் கத்தி வைத்திருந்தாள். ரப்பர் கத்திக்கு வாடகை அதிகம் என்று தயாரிப்பாளர் நிஜக் கத்தியே வாங்கித் தந்திருந்தார். அவள் கண் சுருங்கி, மூக்கு விடைத்து, முகம் சிவந்தது. வில்லன் வெலவெலத்துப்போனான். இப்படியொரு ஆத்திரத்தைத் தானே வரவழைத்ததாக டைரக்டர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுதிய வசனம், 'உன் ரத்தம் குடிப்பேன்.' அக்கா திரும்பத் திரும்பக் கர்ஜித்துப் பார்த்தாள். உதட்டில் உட்காரவில்லை.

"ரத்தம் குடிக்கிறவ இவ்ளோ நேரமா வாயசைப்பா? அவ என்னதான் சொன்னான்னு போடு தம்பி."

ஒலி கெட்டுப்போய்விட்டது என்றான். அக்கா நம்பவில்லை.

"இத்தனை வருஷமா அவளுக்குக் கத்துனவ நான். அவ குரலை நானும் கடைசியா ஒருதடவை கேக்கறேனே. போடு."

முதலில் தன் போனில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டான். பிறகு பொத்தானை அழுத்தினான். மூக்கடைத்த சின்னக் குரல் ஒன்று வில்லனிடம் மரியாதையாகச் சொன்னது:

"அண்ணே, கழுத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கங்க. எனக்குத் தும்மல் வருது."