எரிச்சல்

எரிச்சல் என்று நான்தான் டாக்டரிடம் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது? பக்கத்து நாற்காலியில் வீட்டுக்காரர். எதிரில் மனநல டாக்டர், என் தம்பி வயதுதான் இருக்கும்.

"எரிச்சலா இருக்குங்க. தாங்க முடியல."

"எப்பல்லாம் வருது?"

"இவரு கிட்ட வரும்போது."

வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "ஆமாங்க. தொட்டாலே வள்ளுனு விழறா."

டாக்டர் தலையாட்டிவிட்டு இரவு மாத்திரையைக் கூட்டி எழுதினார். முடிந்தது கதை.

மாத்திரையை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாத நாட்களில் சுவர் என்னைத் திட்டும். அந்த நரகத்துக்குத் திரும்ப மாட்டேன். ஆனால் கூட்டிய பிறகு நின்றுகொண்டே தூங்கினேன். எனக்குச் சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் படுக்கைவிரிப்புகளைச் சூட்டு உருளைக்குள் விட வேண்டும். ஒருநாள் விரிப்போடு கையும் போகப் பார்த்தது. கூட நின்றவள் பிடித்து இழுத்தாள். வாய் ஓயாததால் அவளுக்கு ரேடியோ என்று பேர்.

"ஏண்டி, கையையும் சேத்துத் தேய்ச்சு மடிச்சுக் குடுக்கணுமா?"

அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேலே வந்தால் பச்சைப் புண்ணைத் தேய்ப்பது போல எரிவதை, தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பதை, டாக்டர் மாத்திரை கூட்டியதை.

"அடி பைத்தியமே," என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பரவால்ல, நீ சொன்னா வலிக்கல."

"நீ எரிச்சல்னு சொன்னே, டாக்டரு கோவம்னு எடுத்துக்கிட்டாரு. கீழ எரியுதுனு சொன்னியா?"

"இல்ல."

"அப்ப வலிக்கு மருந்து குடுக்கல. வலிக்குதுனு கத்துற வாய்க்குக் குடுத்திருக்காரு."

அடுத்த முறை நாற்காலியில் உட்காருமுன்பே சொல்லிவிட்டேன். "எரிச்சல் மனசுல இல்லைங்க. கீழ. இவரு கூடப் படுக்கறப்ப கிழியிற மாதிரி எரியுது."

"நோயில உளர்றா டாக்டர்," என்றார் வீட்டுக்காரர்.

டாக்டரின் பேனா நின்றது. "ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"சொன்னேங்க. எங்கனு நீங்க கேக்கல."

அவர் முகம் சிவந்தது. பெண்கள் பிரிவுக்குச் சீட்டு எழுதினார். அங்கே இருந்த டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"மனநலத்துல காட்டுறீங்களா? அப்ப டென்ஷன்தான். அங்கயே பேசிக்கங்க."

"அங்கருந்துதான் இங்க அனுப்பினாங்க."

"அவங்க அப்படித்தான் அனுப்புவாங்க."

நான் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டேன்.

"எறங்கும்மா," என்றாள் நர்ஸ். "அடுத்த ஆள் நிக்கறாங்க."

"நானும் ஆள்தான். பாத்துட்டு என்ன வேணா சொல்லுங்க. பாக்காம எறங்க மாட்டேன்."

டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பிறகு கையுறை மாட்டும் சத்தம். பஞ்சு லேசாகப் பட்டதுமே என் இடுப்பு கட்டிலைவிட்டு எழும்பியது. டாக்டரம்மா சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். குரல் இறங்கியிருந்தது.

"வறண்டு புண்ணாகியிருக்கு. சில மாத்திரைக்கு இப்படி ஆகும். வலிக்குமேனு பயந்து தசையும் இறுகிடுது. வைத்தியம் இருக்கு. மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, அந்த டாக்டர்கிட்ட நான் பேசறேன். ஆறுற வரைக்கும் சேரக் கூடாது. இது நீங்களா நெனச்சுக்கிட்ட வலி இல்லம்மா."

நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. கடித்த தலையணைகள் அத்தனையும் நெஞ்சில் வந்து அடைத்தன.

வெளியே பெஞ்சில் வீட்டுக்காரர் காத்திருந்தார். "என்ன சொன்னாங்க? எப்ப சரியாகுமாம்?"

"எனக்கு வலிக்குதுனு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

தரையைப் பார்த்தார். "தெரியும். உன் நோய்தான் அப்படிக் காட்டுதுனு நெனச்சேன்."

"நோயோ என்னவோ. வலிக்குதுனு தெரிஞ்சும் ஏன் நிறுத்தல?"

வரிசையில் நின்ற பெண்கள் திரும்பினார்கள்.

"மெதுவா பேசு," என்றார் அவர்.

நான் மெதுவாகப் பேசவில்லை. அதே கேள்வியை, வரிசையின் கடைசியில் நின்றவளுக்கும் கேட்கும்படி, மறுபடியும் கேட்டேன்.