நாலாவது மாடி ஜன்னல்

மெக்கானிக்குக்கு லிஃப்டைப் பற்றித் தெரியாத விஷயமே கிடையாது. வினையே அதனால்தான் வந்தது.

வீட்டில் எல்லாரும் அவனை மெக்கானிக் என்றே கூப்பிட்டார்கள், கட்டின மனைவி கோபத்தில் இருக்கும்போது உட்பட. கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் தொழில். அப்படிப்பட்டவன் நாளெல்லாம் லிஃப்டில் ஜம்மென்று ஏறி இறங்குவான் என்று நினைப்பவர்கள் உண்டு. ஓடுகிற லிஃப்டுக்கு எவன் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறான்? நின்றுபோனால்தான் கூப்பிடுவார்கள். அப்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உச்சிமாடி மெஷின் ரூம் வரைக்கும் படியேறித்தான் ஆக வேண்டும். ஏறி ஏறி, படி என்று ஒன்று இருப்பதே அவன் கவனத்துக்கு வராமல் போயிருந்தது.

அவனுடைய அக்கா அந்த வருஷம் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் காலமெல்லாம் நின்றபடியே துணி மடித்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி வீட்டிலும் தங்கை வீட்டிலும் மாறி மாறி இருந்தாள். இரண்டு வீட்டிலும் இடத்தை அடைக்காமல் இருப்பது எப்படி என்று கற்று வைத்திருந்தாள். "உனக்கு என்னக்கா வேணும், சொல்லு" என்று எல்லாரும் பிடுங்கி எடுத்ததில், வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்.

"கப்பல்ல ஒரு தடவை போகணும்டா. பெரிய கப்பல்லாம் வேணாம். துறைமுகத்துல இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆளுங்களை ஏத்திட்டுப் போகுமே, அது போதும்."

வாயைத் திறந்து அவள் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. துறைமுகம் இருக்கிற நகரத்துக்குக் குடும்பத்தோடு போவது என்று முடிவானது. மெக்கானிக், அவன் மனைவி, தங்கை, தங்கை புருஷனான மாப்பிள்ளை, அவர்களுடைய இரண்டு பெண்கள், அக்கா. ஏழு பேருக்கும் தங்க இடம் பார்க்கும் பொறுப்பு மெக்கானிக் தலையில் விழுந்தது.

விழுந்ததும் ஆளாளுக்கு ஒரு பாட்டுப் பாடினார்கள். ஏசி இல்லாவிட்டால் தனக்குக் கண் மூடாது என்றார் மாப்பிள்ளை. பெண்கள் குளிக்கப் போனால் லேசில் வெளியே வரமாட்டார்கள், ஆகவே இரண்டு பாத்ரூம் வேண்டும் என்றாள் தங்கை. காபி போட்டுக்கொள்ள ஓர் அடுப்பாவது வேண்டாமா என்றாள் மனைவி. இத்தனையும் இருந்து, வாடகை மட்டும் தர்மசத்திரம் மாதிரி இருக்க வேண்டும் என்பதில் அத்தனை பேரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

"உனக்கு எப்படி இருக்கணும்க்கா?"

"எனக்கென்னடா, ஒரு மூலை கிடைச்சா போதும்."

மொபைலில் தேடித் தேடிக் கண் பூத்துப்போய், கடைசியில் இரண்டு இடம் தேறின. ஒன்று துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன ஓட்டல். சுத்தமான ரூம், பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும். மற்றது அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு வீடு. பெரிய ஹால், இரண்டு பாத்ரூம், சமையலறை, ஏசி, ஹாலில் பெரிய ஜன்னல். நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

ஓட்டலுக்கே புக் செய்திருப்பான். அதன் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவன் லிஃப்ட் படத்தில் நின்றுவிட்டான். இரும்புக் கம்பிக் கதவைக் கையால் இழுத்து மூடுகிற பழைய ரகம். அந்த ரகத்தோடு அவன் மல்லுக்கட்டியது கொஞ்சநஞ்சமில்லை. ஒருமுறை அதில் மாட்டிக்கொண்ட பெரியவர் ஒருவரை வெளியே இழுத்தபோது, அந்த மனிதர் உடம்பெல்லாம் நடுங்க அவன் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிடி இன்னும் அவன் தோளில் இருந்தது.

"இந்த டப்பாவுல எங்க அக்காவை ஏத்தறதா? பாதியில நின்னுச்சுன்னா உள்ளேயே பயந்து செத்துடும். வீடுதான் சரி. லிஃப்டே இல்லைன்னா மாட்டிக்கிற பேச்சுக்கே இடமில்லை."

"மச்சான்னா மச்சான்தான்! இதெல்லாம் நமக்குத் தோணுமா?" என்று மாப்பிள்ளை தொடையில் தட்டினார். தங்கையும் மனைவியும் தலையாட்டினார்கள். நாலு மாடியை அக்கா எப்படி ஏறுவாள் என்று அந்த அறிவாளிகளில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. அவளுக்கு முழங்கால் வலி என்பது ஊரறிந்த சேதி. ஊரறிந்த சேதியை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? அக்கா மட்டும் "நாலாவது மாடியா?" என்று கேட்டுவிட்டு முழங்காலை ஒருமுறை தடவிக்கொண்டாள். பிறகு "காத்து நல்லா வரும்" என்றாள்.

போய்ச் சேர்ந்த அன்று மெக்கானிக் இரண்டு கையிலும் பெட்டியோடு விறுவிறுவென்று மேலே ஏறிக் கதவைத் திறந்து, ஜன்னலைத் திறந்து, ஏசியைப் போட்டுப் பார்த்து, படத்தில் இருந்தது அப்படியே இருப்பதில் பூரித்துப்போய்த் திரும்பினான். அக்காவைக் காணோம். கீழே எட்டிப் பார்த்தால் இரண்டாவது மாடியில் யார் வீட்டு வாசலிலோ இருந்த பூந்தொட்டியைக் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்குவதை மறைக்கத்தான் பூ பார்க்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. மேலே வந்து சேர்ந்தபோது வலது முழங்கால் வீங்கிப்போயிருந்தது.

"ஓட்டலுக்கு மாறிடலாமாக்கா?"

"கட்டின காசு திரும்பி வருமா? அதெல்லாம் பரவாயில்லைடா. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

அவள் பரவாயில்லை என்று சொன்ன எதுவும் உண்மையில் பரவாயில்லை என்று இருந்ததில்லை. அது அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் ஓர் ஆறுதல் வந்தது, அதை அவன் விடவில்லை. பிற்பாடு அவன் நினைத்து நினைத்துக் குமைந்தது அந்த ஆறுதலைத்தான்.

வீக்கம் வற்றவில்லை. நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கலாம் என்று மாப்பிள்ளையும் அவனும் நாற்காலியோடு வந்து நின்றார்கள். அக்காவுக்கு வந்ததே கோபம்.

"என்னைப் பொணம் மாதிரி தூக்கிட்டுப் போகப் போறீங்களா? போங்கடா. வந்த இடத்துல எனக்காக எல்லாரும் அடைஞ்சு கிடக்கணுமா? ஊரைச் சுத்திட்டு வாங்க. கடைசி நாள் எப்படியும் இறங்கித்தானே ஆகணும், அப்போ கப்பல்ல போயிக்கலாம்."

போனார்கள். முதல் நாள் மனசு உறுத்தியது. அடுத்த நாள் கொஞ்சம் குறைந்தது. அதற்கப்புறம் "அக்காவுக்கு ஏதாவது வாங்கிட்டுப் போகணும்" என்று மனைவி நினைவுபடுத்த வேண்டியிருந்தது. ஒரு நாள் காலையில் வாசலைத் தாண்டும்போது, மேலே எவன் வீட்டு ஏசியிலிருந்தோ தண்ணீர் சொட்டி மெக்கானிக்கின் பிடரியில் விழுந்தது. அண்ணாந்து பார்த்துத் திட்டிவிட்டுப் போனான். சாயங்காலம் திரும்பினால் அக்கா காபி போட்டு வைத்துக்கொண்டு, எல்லாரும் எங்கெங்கே போனார்கள் என்று வாய் ஓயாமல் கேட்பாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் துறைமுகத்துப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தபோது, அந்த ஓட்டல் கண்ணில் பட்டது. மற்றவர்களைக் கடையில் விட்டுவிட்டு, தன் முடிவு சரிதான் என்று கண்ணால் பார்த்துவிடலாமே என்று உள்ளே நுழைந்தான். கம்பிக் கதவைக் காணவில்லை. அந்த இடத்தில் புத்தம் புதுசாக ஒரு லிஃப்ட், தானாகத் திறந்து தானாக மூடிக்கொண்டது.

"பழைய லிஃப்ட் ஒண்ணு இருந்துச்சே?" என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டான்.

"அதை மாத்தி ரொம்ப நாளாச்சு சார். படத்தைத்தான் இன்னும் மாத்தல. ஒரு ஃபோன் பண்ணியிருந்தா சொல்லியிருப்போமே."

உச்சிமாடி வரைக்கும் ஏறி இறங்கினான். குலுக்கல் இல்லை, முனகல் இல்லை. குறை சொல்லவாவது ஏதாவது இருக்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான், ஒன்றும் இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கடைக்குத் திரும்பி, "ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று மனைவி கேட்டதற்கு வெயில் என்றான்.

கடைசி நாள் காலையில் அக்கா இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள். ஏறுவதைவிட இறங்குவது முழங்காலுக்குக் கொடுமை. ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். மூன்றாவது மாடி வளைவிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெருவுக்கு வந்து, டாக்ஸி பிடித்து, துறைமுகச் சாலைக்குப் போனபோது கப்பல் கரையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்ததில் ஏறினால் ரயிலைப் பிடிக்க முடியாது.

"அதோ போகுது பாரு. எவ்வளவு அழகா திரும்புது!" என்றாள் அக்கா, கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு. "தினமும் அதோட சத்தம் மட்டும் கேட்டேன். இன்னிக்குப் பாத்தாச்சு. போதும்."

டாக்ஸி ஸ்டேஷன் பக்கம் திரும்பியது.

ரயிலில் பெண்கள் தாங்கள் எடுத்த படங்களையெல்லாம் காட்டி முடித்ததும், "நானும் எடுத்திருக்கேன்" என்று அக்கா தன் மொபைலை நீட்டினாள். ஜன்னலிலிருந்து எடுத்தவை. தினமும் காலையில் அவர்கள் வெளியே கிளம்புகிற படம். உச்சந்தலைகள், தோள்கள், பைகள். மாப்பிள்ளையின் உச்சியில் விழுந்திருக்கும் வழுக்கையைப் பார்த்துப் பெண்கள் கை கொட்டிச் சிரித்தார்கள். மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு படத்திலும் ஒருத்தரும் மேலே பார்க்கவில்லை.

மற்றவர்கள் கண்ணயர்ந்ததும் அக்கா அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "உனக்குன்னு ஒண்ணு வச்சிருக்கேன்" என்று ரகசியம் போலச் சொல்லி, ஒரு படத்தை எடுத்தாள். எல்லாரும் தெருவில் போய்க்கொண்டிருக்க, அவன் ஒருவன் மட்டும் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இரண்டு விரலால் அவன் முகத்தைப் பெரிதாக்கினாள்.

"நீ மட்டும்தான்டா என்னை நிமிர்ந்து பாத்தே."

ஈரமான பிடரியைத் தடவிக்கொண்டு நிற்கிற கை படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அவன் அதைப் பார்த்தான். ஏசித் தண்ணீர் சொட்டிய காலை அது.

"நானும் கையாட்டினேன்" என்றாள் அக்கா. "நீ பாக்கல போலிருக்கு. கண்ணுல வெயில் அடிச்சிருக்கும், இல்லை?"

"ஆமாக்கா" என்றான் மெக்கானிக். "வெயில்."